மைதானத்துக்கு அடியில்

அத்தியாயம் பதினொன்று

ரெங்கம்மா என்ன சொல்லப் போகிறாள்? கருங்காட்டுத் தோட்டத்தில் ஒரு வாரமாக இதே பேச்சுதான். காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கும்போது இதே பேச்சு. கொழுந்து நிறுக்கும்போது இதே பேச்சு. தெமோதரைக் கடையில் மாவும் பருப்பும் வாங்கிக்கொண்டு மலை ஏறும்போதும் இதே பேச்சு.

வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவள் என்று பெயரெடுத்தவள் ரெங்கம்மா. கங்காணி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னால் நாலு வார்த்தையாகத் திருப்பிக் கொடுப்பாள். அப்படிப்பட்டவள் ஒரு வாரமாகத் தலை நிமிராமல் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். அதுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது.

தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு விஷயம் தெரியும். தெரியாதவர்களுக்காக நாலு வரி. தமிழ்நாட்டில் நடக்கும் தென்கடல் லீக் என்கிற தொழில்முறைக் கால்பந்துப் போட்டிக்காரர்கள், கடலைத் தாண்டி இலங்கையிலும் ஓர் அணியை வைக்கலாமா என்று பார்க்க வந்திருக்கிறார்கள். பதுளையில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் ஸஹாப்தீன் முதலாளி அவர்களோடு கூட்டுச் சேர்ந்திருக்கிறார். அணிக்கு ஊவா என்று பெயரும் வைத்தாகிவிட்டது. சொந்த மைதானமாக அவர்கள் கேட்பது கருங்காட்டு மைதானத்தை. கீழே ரயில் பாதை வளைந்து போகிறது, பின்னால் தேயிலை மலை நிற்கிறது. டிவியில் பார்த்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்குமாம்.

இந்த மலைகளில் சமதரை லேசில் கிடைக்காது. கருங்காட்டுக்கு அதை மண்சரிவு கொடுத்தது.

எட்டு வருஷத்துக்கு முந்திய ஐப்பசி மழையில் மேல் லயத்து வீட்டு வரிசை முழுவதும் மண்ணுக்குள் போனது. மண் அள்ளும் பெக்கோ இயந்திரங்கள் வந்து கிளறின, சிலரை எடுத்தார்கள். ஒன்பது பேரை எடுக்க முடியவில்லை. மண்ணைத் தள்ளிச் சமமாக்கிவிட்டு இயந்திரங்கள் இறங்கிப் போயின. அதன்மேல் புல் முளைத்தது. அடுத்த வருஷம் பிள்ளைகள் அங்கே ஒரு பந்தைப் போட்டார்கள்.

அந்த ஒன்பது குடும்பங்களும் சரி என்றால்தான் மண்ணைத் தொடுவோம் என்று லீக்காரர்கள் சொன்னார்கள். அது பெரிய மனசுதான், மறுக்க முடியாது. எட்டுக் குடும்பங்கள் சரி என்றுவிட்டன. மிச்சம் இருப்பது ரெங்கம்மா வீடு. மண்ணுக்குள் இருப்பது அவளுடைய மூத்தவன் லோகேஸ். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது.

லீக்காரர்கள் முன்னால் இன்றைக்குக் காட்சிப் போட்டி. ஞாயிற்றுக்கிழமை, பெரட்டு இல்லை. போட்டி முடிந்ததும் பதில் சொல்கிறேன் என்று ரெங்கம்மா சொல்லியிருந்தாள்.

காலையில் ரொட்டியைப் பிய்த்து வாயில் வைப்பதற்குள் அப்பனுக்கும் மகனுக்கும் மூண்டுவிட்டது.

"நம்ம நாட்டு லீக்கே நொண்டிக்கிட்டுக் கெடக்கு. அத நிமித்த வக்கில்ல. அடுத்த நாட்டுக்காரனுக்குப் பாய விரிக்கிறீங்க" என்றான் வீரசிங்கம். தேயிலை ஃபெக்டரியில் இயந்திரத்துக்கு எண்ணெய் போடுகிறவன். ஒரு காலத்தில் தோட்டத்துக் கிளப்பை நடத்தியவனும் அவன்தான்.

"அந்த லீக்கு என்னைக்காச்சும் இந்த மலை ஏறி எங்களப் பாத்துச்சாப்பா?" என்றான் கஜேந்திரன். இளையவன், கோல்கீப்பர். "கொழும்புக் கிளப்புக்கு ரெண்டு தடவ போயி நின்னேன். எந்த ஊருன்னு கேட்டானுங்க. சொன்னதும் அடுத்த ஆளக் கூப்பிட்டானுங்க."

"இவங்க மட்டும் உன் மூஞ்சியப் பாத்தா வர்றாங்க? அங்க கூட்டம் சேத்தாச்சு, இன்னும் கூட்டம் வேணும். அதுக்கு வர்றாங்க. இங்க கூட்டம் கொறஞ்சா மறு வருஷமே மூட்டயக் கட்டிருவாங்க. அப்ப உனக்கு கிளப்பும் இருக்காது, கிரவுண்டும் இருக்காது."

"அந்த ஒரு வருஷம் விளையாடிக்கிறேனே."

"நம்ம பாட்டன் பூட்டன அங்கேருந்து கப்பல்ல ஏத்தி இந்த மலையில விட்டாங்க. இப்ப எங்கள விட்டுட்டுப் புள்ளைங்கள எறக்கிட்டுப் போக வர்றாங்க."

"எறக்கிட்டுப் போகலப்பா. இங்கயே வெச்சு விளையாட வர்றாங்க. இல்லாட்டி நான் திரும்பக் கொழும்புல வெள்ளவத்தக் கடைக்குத்தான் போகணும். காலையில இருந்து ராவு வரைக்கும் கொத்து ரொட்டி கொத்தணும். அது உங்களுக்குச் சந்தோஷமா?"

வீரசிங்கம் தேத்தண்ணியைக் குடித்து முடித்தான். பிறகு மனைவி பக்கம் திரும்பினான்.

"நீ என்னா சொல்லப் போற?"

"அத அங்க வந்து கேட்டுக்கங்க" என்றாள் ரெங்கம்மா.

உண்மையில் அவள் முடிவு செய்துவிட்டாள். சரி என்றுதான் சொல்லப் போகிறாள்.

அந்த முடிவுக்கு வர அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். பிள்ளைகள் முதன்முதலில் அங்கே விளையாடிய நாளில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு துரத்தியவள் அவள். பந்து தரையில் விழும் ஒவ்வொரு முறையும் அவள் காது கொடுத்துக் கேட்பாள். கீழே இருப்பவனின் கூரைமேல் யாரோ தட்டுவது போல இருக்கும். அவன் பதிலுக்குத் தட்டுவான் என்று காத்திருப்பாள். கழுவிய பானையைக் கையில் பிடித்தபடி, அடுப்பை மறந்து, எத்தனையோ சாயங்காலங்கள் அப்படிக் காத்திருந்திருக்கிறாள். எட்டு வருஷமாக அந்தப் புல்மேல் அவள் ஒரு கால் வைத்ததில்லை. மேல் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போதும் ஓரமாகச் சுற்றித்தான் போவாள்.

நாளாக ஆக அந்தத் தட்டல் பழகிப்போனது. பந்துச் சத்தம் இல்லாத மழை நாட்களில்தான் அவளுக்குக் கைவேலை ஓடவில்லை. லோகேஸுக்குத் தனியாக இருக்கப் பிடிக்காது. சின்ன வயதில் மலைத் தண்ணீர் விழும் பீலிக்குக் குளிக்கப் போனால்கூடத் துணைக்கு ஒருத்தன் வேண்டும். மேலே ஆயிரம் பேர் வந்து கத்தினால் அவன் சந்தோஷப்படுவான். தம்பி அங்கேயே கோல் காத்தால் இன்னும் சந்தோஷப்படுவான். ஒரு பிள்ளைக்குத் துணை, இன்னொரு பிள்ளைக்குப் பிழைப்பு. இதற்குமேல் ஒரு தாய் என்ன கணக்குப் போட முடியும்?

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு அவள் மலை ஏறினாள்.

மைதானத்தைச் சுற்றி ஊரே நின்றது. ஹாலிஎலயிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பண்டாரவளை அணி ஒரு பக்கம் குதித்துக்கொண்டிருந்தது. மஞ்சள் சட்டையில் கருங்காட்டுப் பையன்கள் மறுபக்கம். மலையோரக் கோலில் கஜேந்திரன் கையுறையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ரெங்கம்மா அந்தக் கோலுக்குப் பின்னால், புல் முடியும் இடத்தில் போய் நின்றாள். வீரசிங்கம் அவளுக்குக் கொஞ்சம் தள்ளி, வந்தும் வராதவன் போல நின்றான்.

ஸஹாப்தீன் முதலாளி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவளைத் தேடி வந்தார். கூடவே லீக்கின் ஆள் கிருபாகரன், கோயம்புத்தூர்க்காரர். வெயிலுக்குத் தொப்பி போட்டிருந்தார், பேச்சில் பணிவு இருந்தது.

"அம்மா, நீங்க வேண்டாம்னு சொன்னா நாங்க வருத்தப்பட மாட்டோம்" என்றார் கிருபாகரன். "மாலைதீவுல ரெடியா கேக்குறாங்க. ஆனா எனக்கு இந்த இடம்தான் மனசுல நிக்குது."

"வெளையாட்டு முடியட்டுங்க. சொல்றேன்" என்றாள் ரெங்கம்மா.

"பயப்படவாணாம் ரெங்கம்மா. எல்லாம் நல்லபடியா முடியும்" என்றார் ஸஹாப்தீன். பிறகு கிருபாகரனிடம் பெருமையாகச் சொன்னார்: "பாவம் சேர் இந்தத் தோட்டத்து ஆக்கள். ஒரு விசில் வாங்கக்கூட வழியில்லாம செவப்புத் துண்ட ஆட்டித்தான் மெட்ச் நடத்துறாங்க. அவங்கட ரெப்ரி நல்லையா என்கிட்ட வந்து, 'விசில் வாணாம் மொதலாளி, விசில் வாணாம்' எண்டு ரெண்டு மூணு தரம் சொன்னார். கேக்க வெக்கம், வேறென்ன. நம்ம கடையில இருக்கிறதுலயே நல்லதா ஒண்ட எடுத்து, பதுளையில இருந்து வந்த ரெப்ரிகிட்ட குடுத்திருக்கேன்."

ரெங்கம்மாவுக்கு அது காதில் விழுந்தது. மனசுக்குப் போய்ச் சேர்வதற்குள் நேரம் கடந்துவிட்டது.

பதுளை நடுவர் மிப்ரான் நடு வட்டத்தில் நின்று, புது விசிலை வாயில் வைத்து, நீளமாக ஒரு ஊது ஊதினான்.

கருங்காடு அப்படியே நின்றது.

நின்றது என்றால், பேச்சு நின்றது, சிரிப்பு நின்றது, கடலை விற்றவனின் கை நின்றது. கைக்குழந்தையின் வாயைத் தாய் பொத்தினாள். கீழ் லயத்தில் யாரோ ரேடியோவை அணைத்தார்கள். மஞ்சள் சட்டைப் பையன்கள் பதினோரு பேரும் நின்ற இடத்திலேயே குந்தி, உள்ளங்கையைப் புல்லில் வைத்தார்கள். ஓரத்தில் நின்ற தோட்டத்து ஆட்கள் நூற்றுக்கணக்கான பேரும் குனிந்தார்கள். தலையைச் சாய்த்தார்கள். மூச்சைப் பிடித்தார்கள்.

யாரும் கூடிப் பேசி வைத்த வழக்கமில்லை அது. மண்சரிவு அன்று ராணுவக்காரர்கள் விசில் ஊதித்தான் தேடினார்கள். ஊதினால் இயந்திரங்களை நிறுத்த வேண்டும், அழுகிறவர்கள் அழுகையை நிறுத்த வேண்டும், எல்லோரும் தரையில் காதை வைத்துக் கேட்க வேண்டும். உள்ளே உயிர் இருந்தால் குரல் கொடுக்கும். மறுநாள் அப்படித்தான் ஒரு பெண்ணின் முனகல் கேட்டது, அவளை உயிரோடு எடுத்தார்கள். அதன் பிறகு எத்தனையோ முறை ஊதினார்கள், எத்தனையோ முறை கேட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. கடைசி விசிலுக்குப் பிறகும் ஒன்றும் கேட்காமல் போனதும் இயந்திரங்கள் மலையை விட்டு இறங்கிப் போயின. அன்றிலிருந்து கருங்காட்டு மைதானத்தில் யாரும் விசில் ஊதியதில்லை. இன்றைக்கு ஊதினார்கள். எட்டு வருஷம் போனதே தெரியாமல் எல்லோருடைய உடம்பும் தானாகவே குனிந்துவிட்டது.

பண்டாரவளைப் பையன்களுக்கு என்ன தெரியும்? விசில் ஊதியாயிற்று, ஆட்டம் தொடங்கியாயிற்று. மூன்று பேர் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். குந்தியிருந்தவர்களுக்கு நடுவில் கல்லைச் சுற்றுவது போலச் சுற்றி வந்தார்கள். கஜேந்திரன் ஒரு முழங்காலை ஊன்றி, தலையைத் தரையோடு சாய்த்திருந்தான். பந்து அவன் தோளை உரசிக்கொண்டு வலைக்குள் போனது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கோல் போட்டவன் தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மெல்ல இறக்கிக்கொண்டான்.

ரெங்கம்மாவும் குந்தியிருந்தாள். எட்டு வருஷத்தில் முதல்முறையாக அவள் கை அந்தப் புல்லைத் தொட்டது.

'லோகேசு' என்று உள்ளுக்குள் கூப்பிட்டாள். 'அம்மா வந்திருக்கேன்டா.'

அவளுக்குக் கேட்டது.

முதலில் மகன்தான் என்று நினைத்தாள். சந்தோஷமா, பயமா என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. பிறகு இன்னும் தாழக் குனிந்து, காதை மண்ணிலேயே வைத்தாள். குரல் இல்லை. தட்டல் இல்லை. தண்ணீர்.

மண்ணுக்கு அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கசிவு இல்லை, ஓட்டம். கல்லில் மோதிப் புரண்டு போகும் சத்தம். ஒரு வாரமாக மழையே இல்லை. பீலியில்கூட மூன்று நாளாகத் தண்ணீர் நூலாகத்தான் விழுகிறது. பீலிக்கு வர வேண்டிய தண்ணீர் எங்கே போகிறது என்பது அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

இந்தச் சத்தத்தை அவள் முன்னே ஒருமுறை கேட்டிருக்கிறாள். அந்த ஐப்பசியில், மேல் லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் பாயை விரித்துப் படுத்த லோகேஸ் எழுந்து உட்கார்ந்து, "அம்மா, தரைக்கு அடியில தண்ணி ஓடுதும்மா" என்றான். "பீலித் தண்ணிடா, பேசாமப் படு" என்றாள் அவள். அவளுக்கும் கேட்டதுதான். அலுப்பாக இருந்தது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்த நாள் அவள் வேலைக்குப் போயிருந்தபோது மலை வந்துவிட்டது.

இப்போது இந்த மண் நகர்ந்தால் நேரே கீழ் லயத்துக்குத்தான் போகும். முதல் வரிசையில் அவள் வீடு. அதற்குப் பிறகு இன்னும் முப்பது வீடு.

அதற்குள் ஓரத்தில் பேச்சு எழும்பிவிட்டது. நல்லையா அழுதபடி ஸஹாப்தீனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யா அல்லாஹ், எனக்குத் தெரியாமப் போச்சே! இல்லாமையில சொல்றார் எண்டு நெனச்சிட்டேனே, நல்லையா!"

கிருபாகரன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். அறிவிப்புக்காகக் கட்டியிருந்த மைக்கை எடுத்துக்கொண்டு ரெங்கம்மாவை நோக்கி நடந்து வந்தார். அவருக்குப் பின்னால் ஊரே வந்தது.

அவர்களுக்கு முன்னால் கஜேந்திரன் வந்துவிட்டான். அவளைத் தூக்கி நிறுத்துவது போல முழங்கையைப் பிடித்தான். கன்னத்தில் மண் ஒட்டியிருந்தது.

"அம்மா" என்றான், மிகவும் மெதுவாக. "எனக்கும் கேட்டுச்சு."

"என்னா கேட்டுச்சு?"

"தண்ணி."

ரெங்கம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் பயம் இருந்தது. பயத்தைவிடப் பெரிதாக இன்னொன்றும் இருந்தது, அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

"சொல்லாதம்மா" என்றான். "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் சொல்லாத. சரின்னு மட்டும் சொல்லு. அவங்க என்னைய டீமுல சேத்துக் கையெழுத்துப் போட்டுட்டுப் போகட்டும். அப்புறம் இஞ்சினியருங்க வந்து பாக்கத்தானே போறாங்க."

"பாக்குறதுக்குள்ள வந்துருச்சுன்னா?"

"மழையே இல்லையேம்மா. நீ இப்ப சொன்னாலும் யாரு நம்பப் போறா? செத்த மகனுக்காக இருக்கிற மகன் பொழப்பக் கெடுத்துட்டா, தண்ணிங்கிறது ஒரு சாக்குன்னுதான் சொல்லுவாங்க."

"நீயும் அப்படித்தான் சொல்லுவியா?"

கஜேந்திரன் பிடித்த முழங்கையை விடவில்லை.

கிருபாகரன் பக்கத்தில் வந்துவிட்டார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "அம்மா, எங்களை மன்னிச்சிடுங்க. இங்க விசில் ஊதாம எப்படி விளையாடுறதுன்னு லீக்குல பேசிப் பாக்குறேன். அந்த ஒன்பது பேர் பெயரையும் ஸ்டாண்டுக்கு வெக்கிறோம். இப்பவே பதில் சொல்லணும்னு இல்ல. ஆனா சொல்றதுன்னா, நீங்க சொல்றது எதுவா இருந்தாலும் அதுதான் முடிவு."

மைக்கை அவள் கையில் கொடுத்தார். ஊர் முழுக்க அவள் வாயைப் பார்த்தது. எட்டுக் குடும்பக்காரர்களும் பார்த்தார்கள். வீரசிங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றான்.

மகனுக்குக் கொடுக்க அவளிடம் வேறு என்ன இருக்கிறது? ஒரே ஒரு வார்த்தைதான். காலையிலிருந்து நாக்கு நுனியில் அதை வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அது வர மறுத்தது. சொல்லாதே என்கிறான். சொல்லாமல் இருந்ததற்கு ஒரு பிள்ளையை ஏற்கெனவே கொடுத்தாயிற்று.

"ரெப்ரி தம்பி" என்றாள் மைக்கில். "இன்னொரு தரம் ஊதுங்க."

மிப்ரான் திடுக்கிட்டுப் பார்த்தான். "எதுக்கும்மா?" என்றார் கிருபாகரன்.

"நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லைங்க. எல்லாரும் இந்தப் பக்கமா வந்து, காத மண்ணுல வெச்சுக் கேக்கட்டும். நீங்களும் கேளுங்க. கேட்டதுக்கு அப்புறம் நீங்களே சொல்லுங்க."

கஜேந்திரனின் கை அவள் முழங்கையிலிருந்து நழுவியது.

முதலில் குனிந்தவன் வீரசிங்கம். ஏன் என்று கேட்கவில்லை. வேட்டியை மடித்துக்கொண்டு, முழங்கால் இரண்டையும் ஊன்றி, கன்னத்தைத் தரையில் வைத்தான். பிறகு நல்லையா. பிறகு அந்த எட்டுக் குடும்பங்கள். ஸஹாப்தீன் முதலாளி மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். கிருபாகரன் ஒரு நிமிடம் தயங்கினார், தொப்பியைக் கீழே வைத்துவிட்டு அவரும் குனிந்தார்.

மிப்ரான் விசிலை வாய்க்குக் கொண்டுபோனான்.

அத்தனை பேரும் குனிந்திருந்த அந்த மைதானத்தில் கஜேந்திரன் மட்டும் நிமிர்ந்து நின்றான், அம்மாவையே பார்த்தபடி.